போலி விவரணப்படங்கள்: ஐந்து சனிக்கிழமைக்கு எதைப் போடலாம்?

மேல்மாடி (கேள்வி)

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் படம் போட்டு, பிறகு இருந்து கதைப்போம். அடுத்து வருகிற ஐந்து சனிக்கிழமையும் போலி விவரணப்படங்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். மொக்யுமென்டரி என்கிறார்களே, அவைதான்: கதை முழுக்கக் கற்பனை, எடுத்த விதம் மட்டும் விவரணப்படம்.

வருகிறவர்கள் 20, 25 பேர். பாதிப் பேர் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள். மிச்சப் பேரில் ஐம்பது, அறுபது வயதுக்காரரும் இருக்கிறார்கள். ஆங்கிலம் எல்லாருக்கும் ஓடும், ஆனால் வேகமாகக் கதைத்தால் சப்டைட்டில் வேணும். படமும் கலந்துரையாடலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும், ஆகவே 95 நிமிடத்தைத் தாண்டாத படங்களே வசதி.

இன்னொன்று. ஐந்தும் முடிந்த பிறகு பிள்ளைகள் சேர்ந்து 10 நிமிடத்தில் சொந்தமாக ஒன்று எடுக்கப் போகிறார்கள். அதனால் எந்தப் படத்தில் எதைக் கவனிக்கலாம் என்றும் சொன்னால் பெரிய உதவி. எதைப் போடக்கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

சுருள்பெட்டி

சிரிப்பு வருதா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பிள்ளைகளுக்குக் கமராவைப் பார்க்கப் பழக்குங்கள். இந்தக் காட்சியை யார் எடுத்தது? அந்த நேரத்தில் அவர் ஏன் அங்கே நின்றார்? எடுக்கப்பட்டவர் ஏன் எடுக்கவிட்டார்? இந்த மூன்று கேள்விக்கும் படம் தனக்குள்ளே பதில் வைத்திருந்தால் அது ஒழுங்காகச் செய்யப்பட்ட போலி விவரணப்படம். பதில் இல்லையென்றால், கமராவை ஆட்டி எடுத்த சாதாரணக் கதைப்படம்தான்.

முதல் சனிக்கிழமைக்கு 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' போடுங்கள். 1984, ரொப் ரெய்னர், 82 நிமிடம். இல்லாத ஒரு ஆங்கில ரொக் இசைக்குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போகிறது. மார்ட்டி டிபேர்கி என்ற இயக்குநர் அதைப் படமாக்குகிறார், அந்த இயக்குநராக நடிப்பதும் ரெய்னரே. கிறிஸ்டோபர் கெஸ்ட், மைக்கல் மெக்கீன், ஹரி ஷியரர் மூவரும் தாங்களே வாசித்துப் பாடுகிறார்கள். வசனத்தில் பெரும்பகுதி எழுதி வைத்தது இல்லை, கமராவுக்கு முன்னால் அந்த நேரத்தில் வந்தது. திரைக்கதை எழுதக் கொடுத்த பணத்தை வைத்து அவர்கள் முதலில் செய்தது 20 நிமிட மாதிரிப் படம். எழுதிக் காட்டினால் இது யாருக்கும் விளங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். மேடைக்கு ஸ்டோன்ஹெஞ்ச் கல்வளைவு ஒன்று வேணும், உயரம் 18 அடி. கிற்றார்காரர் ஒரு கடதாசித் துண்டில் படம் கீறி அளவும் போடுகிறார். எண்ணுக்கு மேலே ஒரு கோடு போட்டால் அடி, இரண்டு கோடு போட்டால் அங்குலம். எங்கட ஊர்த் தச்சரும் மேசனும் இன்றைக்கும் அப்படித்தான் குறிக்கிறார்கள், ஆகவே எங்களுக்கு இது உடனே பிடிபடும். அவர் இரண்டு கோடு போட்டுவிடுகிறார். செய்து கொடுக்கிறவர் தாளில் உள்ளபடி 18 அங்குலத்தில் செய்து கொடுக்கிறார். புகைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் அந்தக் குட்டிக் கல் மேடையில் இறங்குகிறது. அதைச் சுற்றி ஆட வருகிற இருவரும் குள்ளமானவர்கள், அவர்களே கல்லைவிட உயரம். கமரா அந்தக் கல்லுக்குக் கிட்டப் போய் 'பார், பார்' என்று காட்டுவதில்லை. இசை நிகழ்ச்சி எடுக்கிற எந்தக் கமராவும் நிற்கிற இடத்தில் நின்று, மற்றதை எடுத்தது போலவே இதையும் எடுக்கிறது. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. பிள்ளைகளின் படத்தில் முதலில் பிழைக்கப் போகிற இடமும் இதுவே: பகிடியை நோக்கிச் சூம் பண்ணுவார்கள்.

இரண்டாவதுக்கு 'பெஸ்ட் இன் ஷோ', 2000. மேலே சொன்ன கிறிஸ்டோபர் கெஸ்ட் இயக்கியது, 90 நிமிடம். ஐந்து நாய்கள், அவற்றை வளர்க்கிறவர்கள், ஒரு பெரிய நாய்க்கண்காட்சி. கெஸ்டும் யூஜின் லெவியும் காட்சிக் குறிப்பு மட்டும் எழுதினார்கள், வசனம் நடிகர்களுடையது. இதில் பார்க்க வேண்டியது கட்டமைப்பு. போலி விவரணப்படத்தில் கதையை இழுத்துப் போக ஆள் இல்லை. அதனால் தேதி குறித்த ஒரு நிகழ்ச்சி வேணும்: போட்டி, கச்சேரி, தேர்தல், திருவிழா. எல்லாரும் அந்த நாளை நோக்கிப் போகிறார்கள், அந்த நாளோடு படமும் முடிகிறது. பத்து நிமிடப் படத்துக்கும் இதே கயிறு போதும்.

'வட் வீ டூ இன் த ஷடோஸ்' (2014, தைக்கா வைத்தீத்தி, ஜெமெய்ன் கிளெமென்ட்) பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். வெலிங்டன் நகரில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரத்தக்காட்டேரிகளைப் பற்றியது, ஏறத்தாழ 86 நிமிடம். அவர்கள் ஏன் படப்பிடிப்புக் குழுவைக் கடித்துக் குடிக்கவில்லை என்று யாருக்கும் கேள்வி வரும். படம் தொடங்க முதலே எழுத்தில் பதில் போட்டுவிடுகிறார்கள்: குழுவில் ஒவ்வொருவரும் சிலுவை அணிந்திருந்தனர், படத்தில் வருகிறவர்கள் அவர்களுக்குப் பாதுகாப்பு உறுதி தந்திருந்தனர். இரண்டு வரிதான். அதோடு பார்க்கிறவர் அந்த உலகத்துக்குள் போய்விடுகிறார். இந்தப் படத்துக்கு எடுத்தது 120 மணித்தியாலத்துக்கு மேல். நடிகர்களுக்கு எழுதிய வசனம் கொடுக்காமல் எடுத்தால் சுமை முழுக்க எடிட்டிங் மேசைக்குத்தான் போகும் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்பவே சொல்லி வையுங்கள். இரத்தமும் கெட்ட வார்த்தையும் இருக்கு, ஒருமுறை நீங்களே பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பழைய_நெகட்டிவ்

சுருள்பெட்டி சொன்ன அளவுகோல் சரி, வரிசையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பைனல் டாப் பொய் என்று போஸ்டரிலேயே தெரியும். முதல் சனிக்கிழமை வருகிறவர்களுக்குப் பொய் எப்படி உள்ளே இறங்குகிறது என்று காட்ட வேணும். அதற்கு 'ஃபோர்கொட்டன் சில்வர்'. 1995, பீட்டர் ஜக்சனும் கொஸ்டா போட்டஸும் சேர்ந்து நியூசிலாந்துத் தொலைக்காட்சிக்குச் செய்தது, ஒரு மணித்தியாலமும் இல்லை. கலந்துரையாடலுக்கு நேரம் தாராளமாக மிஞ்சும்.

கொலின் மெக்கன்சி என்ற மறக்கப்பட்ட நியூசிலாந்துத் திரைப்பட முன்னோடியின் சுருள்கள் ஒரு தோட்டத்துக் கொட்டிலில் கிடைக்கின்றன. அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்லை. ஆனால் ஒளிபரப்புக்கு முன்னரே ஒரு வார இதழ் அதை உண்மைச் செய்தி போலப் போட்டது, நாடகங்களுக்கு என்று இருந்த நேரத்தில்தான் ஒளிபரப்பானது, அப்படியிருந்தும் ஏராளமானோர் நம்பினார்கள். பொய் என்று தெரிந்த பிறகு கோபத்தோடு கடிதம் எழுதியவர்களும் ஏராளம்.

நம்பியதற்குக் காரணம் இருக்கு. ரிச்சர்ட் பியர்ஸ் என்று உண்மையாகவே ஒரு நியூசிலாந்து விவசாயி இருந்தார். ரைட் சகோதரர்களுக்கு முன்னரே பறக்க முயன்றவர் என்று அந்த நாட்டில் பேசப்படுபவர். படத்தில் மெக்கன்சி பியர்ஸ் பறந்ததைப் படம்பிடித்ததாக ஒரு துண்டு வருகிறது. எந்தத் தேதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தத் துண்டில் நிற்கிற ஒருவரின் பின் பொக்கற்றில் மடித்த பத்திரிகை ஒன்று தெரிகிறது. கணினியில் அதைப் பெருப்பித்து, பெருப்பித்து, தேதியை வாசிக்கிறார்கள்: 1903 மார்ச். ரைட் சகோதரர்கள் பறந்தது அந்த வருஷம் டிசம்பரில். ஆராய்ச்சி செய்வது போன்ற பொறுமையோடு அந்தக் காட்சி போகிறது. முடிவை ஒருவர் வாயால் சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஒவ்வொரு படியாகக் கண்டுபிடிக்கிற வேலையில் எங்களையும் சேர்த்துவிடுகிறார்கள், நாங்களே கண்டுபிடித்ததை நாங்கள் எப்படிச் சந்தேகிப்பது?

அதோடு சாம் நீல், லெனர்ட் மோல்டின் போன்ற உண்மையான ஆட்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே பேட்டி கொடுக்கிறார்கள். உண்மையான ஒரு ஆணியில் பொய்யைத் தொங்கவிடுவதுதான் முறை. எங்கட ஆள் ஒருவரும் இதைப் புத்தகத்தில் செய்திருக்கிறார்: ஷெஹான் கருணாதிலக்கவின் 'சைனாமன்' நாவலில் பிரதீப் மத்தியூ என்ற பந்துவீச்சாளர் உண்மையான டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு நடுவில் நுழைகிறார். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கே அந்த ஆளைத் தேடிப் பார்க்க மனம் வரும்.

அடுத்தது 'ஸெலிக்', 1983, வூடி அலன், 79 நிமிடம். பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரைப் போலவே மாறிவிடுகிற ஒரு மனிதன், காலம் 1920களும் 30களும். கணினி இல்லாத காலத்தில் எடுத்தது. ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் அந்தக் காலத்து லென்ஸ்களைத் தேடி எடுத்துப் பாவித்தார், எடுத்த நெகட்டிவில் வேண்டுமென்றே கீறல் போட்டார்கள். பழைய செய்திச் சுருள்களுக்குள் அலனின் உருவத்தைச் சேர்த்தது ஒளியியல் முறையில். சூசன் சொன்டாக், சோல் பெல்லோ போன்ற எழுத்தாளர்கள் வர்ணத்தில் வந்து ஸெலிக்கைப் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள். பேட்டி வர்ணம், பழசு கறுப்பு வெள்ளை. கண்ணுக்குப் பழகிய இந்த ஒரு வித்தியாசமே பாதி நம்பிக்கையைத் தந்துவிடும்.

மேல்மாடி

இரண்டு பேருக்கும் நன்றி. ஃபோர்கொட்டன் சில்வர் போடுகிறதென்றால் ஒரு சந்தேகம். இது பொய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுவதா, சொல்லாமல் போடுவதா? ஐந்தும் போலி என்று எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். அப்படித் தெரியாமல் வேறு யாரையும் கூட்டி வந்தால்? பயப்படுத்துகிற வகையில் ஒன்றும் போடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நடுச்சாமக்காட்சி

தம்பி, ஃபோர்கொட்டன் சில்வருக்கு மட்டும் சொல்லாமல் விடுங்கோ. படம் முடிஞ்ச உடனே சொல்லிப்போடுங்கோ, அடுத்த கிழமை வரைக்கும் இழுக்க வேண்டாம். ஒருவருக்கும் இழப்பில்லாத பொய் அது. அறிவிக்காமல் செய்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு 'கோஸ்ட்வொட்ச்' இருக்கு. 1992 ஒக்டோபர் 31, பிபிசி. பேய் இருக்கிற வீடு ஒண்டிலிருந்து நேரடி ஒளிபரப்பு எண்ட தோரணையில் போனது. உண்மையில் முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்த நாடகம். ஆனா மைக்கல் பார்க்கின்சன், சேரா கிறீன் எண்டு சனம் தினமும் பார்க்கிற அறிவிப்பாளர்களே தங்கட சொந்தப் பெயரில் வந்தால் யார் நாடகம் எண்டு நினைப்பினம்? திரையில் போட்ட தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் இது கற்பனை எண்டு சொல்லுற ஒலிப்பதிவு வைச்சிருந்தது. கனபேர் ஒரே நேரத்தில் எடுத்ததால லைன் கிடைக்கேல்லை. எச்சரிக்கை வைச்சது சரி, அது போய்ச் சேருற வழி அடைபட்டுப் போச்சு. முறைப்பாடுகள் குவிஞ்சது, அதுக்குப் பிறகு பிபிசி அதைப் பிரிட்டனில் திரும்பப் போடேல்லை.

பயத்துக்கு நீங்கள் போட வேண்டியது 'லேக் மங்கோ'. அவுஸ்திரேலியா, 2008, ஜோயல் அண்டர்சன், ஒன்றரை மணித்தியாலத்துக்குள். 16 வயசுப் பிள்ளை ஒண்டு நீர்த்தேக்கத்தில் மூழ்கிச் செத்துப்போகுது, குடும்பம் கமராவுக்கு முன்னால இருந்து அதைப் பற்றிக் கதைக்குது. திடீரெண்டு கத்துறது, பாயுறது ஒண்டும் இல்லை. தாய் தகப்பனின்ர பேட்டி அவ்வளவு இயல்பா இருக்கிறதுக்குக் காரணம், நடிகர்களுக்கு என்ன நடந்தது எண்ட விவரம் மட்டும்தான் இருந்தது, சொல்லுற வசனம் அவையின்ரது. படம் முழுக்க ஒரு புகைப்படத்தை, ஒரு வீடியோத் துண்டைக் காட்டி, மெதுவா உள்ள போய், 'இதில என்ன தெரியுது?' எண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய_நெகட்டிவ் சொன்ன பத்திரிகை வித்தைதான், இங்க அது துக்கத்துக்குப் பயன்படுது.

போடுறவருக்கு ஒரு கட்டாய அறிவுறுத்தல்: கடைசி எழுத்து ஓடத் தொடங்கினதும் லைட்டைப் போட வேண்டாம். எழுந்திருக்கிறவையையும் இருத்துங்கோ. அந்த எழுத்துகளோட திரும்பி வருற படங்களைப் பார்க்காமல் போனால் அரைவாசிப் படத்தைத்தான் பார்த்தது எண்டு அர்த்தம்.

போடக்கூடாததைச் சொல்லுறன். 'மேன் பைட்ஸ் டோக்', பெல்ஜியம், 1992. கொலைகாரன் ஒருத்தனை மாணவர் படக்குழு ஒண்டு பின்தொடருது. முதலில பார்த்துக்கொண்டு நிக்கிறவை பிறகு பிணத்தைத் தூக்க உதவினம், பிறகு அதைவிட மோசமாப் போகுது. 'எடுக்கிறவன் ஏன் நிக்கிறான்' எண்ட கேள்வியை இவ்வளவு தூரம் கொண்டுபோன வேற படம் இல்லை எண்டதுதான் என்ர எண்ணம். ஆனா உயர்தரப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், பாலியல் வன்முறைக் காட்சியும் இருக்கு. 'போரட்'டும் வேண்டாம். அதில எதிரில் நிக்கிறவை கனபேர் நடிகர் இல்லை, என்ன நடக்குது எண்டு தெரியாத சாதாரண சனம். அது வேற வகை, பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுக் காலி வீதியில் போற ஆட்களை ஏமாத்த வெளிக்கிடுவினம்.

சிரிப்பு இல்லாத ஒண்டாவது பட்டியலில் இருக்க வேணும் எண்டு கேட்டுக்கொள்ளுறன். பீட்டர் வட்கின்ஸின் 'த வோர் கேம்', 1965, 50 நிமிடத்துக்கும் குறைவு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன நடக்கும் எண்டு, நடந்து முடிஞ்ச மாதிரிக் காட்டினவர். நடிச்சவை தொழில்முறை நடிகர் இல்லை. வர்ணனைக் குரல் அறிக்கை வாசிக்கிற மாதிரி ஒரே சீரா, உணர்ச்சி ஏறாமல் போகும், படத்தில சனம் எரியும். பிபிசி தானே எடுப்பிச்சுவிட்டு ஒளிபரப்ப மறுத்தது. திரையரங்குகளில் ஓடி, சிறந்த விவரணப்படத்துக்கான ஒஸ்கார் விருது 1967 இல் கிடைச்சது. முழுக்கக் கற்பனைக் காட்சி, விருது விவரணப்படத்துக்கு. அதைப் பற்றியே ஒரு மணித்தியாலம் கதைக்கலாம். பிரிட்டன் தொலைக்காட்சியில் வந்தது 1985 இல்தான்.

கடைசியா ஒண்டு, இதைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்ல வேணும். எங்கட நாட்டில் காணாமல் போன பிள்ளையின்ர படத்தைக் கையில் பிடிச்சுக்கொண்டு கமராவுக்கு முன்னால அழுத தாய்மார் இருக்கினம். அந்த வடிவத்தைப் பகிடிக்கோ பயத்துக்கோ பாவிச்சுப் போலி செய்ய வேண்டாம். நாளைக்கு உண்மைச் சாட்சி ஒண்டைப் பார்த்து 'இதுவும் நடிப்போ' எண்டு ஒருவர் கேட்கிறதுக்கு நாங்கள் காரணமா இருக்கக்கூடாது. மங்கோவைப் போட்ட அண்டைக்கே இதைக் கதையுங்கோ.

ஒலித்தடம்

எடுக்கிற பக்கம் நான் சொல்கிறேன். பத்து நிமிடப் படம், போன் கமரா, ஆறேழு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டு.

எழுத்து: இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், வசனம் ஒரு வரியும் வேண்டாம். பேட்டி கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அவருக்கு என்ன தெரியும், எதை மறைக்கிறார், எதைப் பிழையாக நம்புகிறார், இவை மூன்றும் அதில் இருக்க வேணும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக்கூடாது. ஒத்திகையும் வேண்டாம், முதல் தடவை சொல்கிறபோது வருகிற தடுமாற்றம் இரண்டாம் தடவை வராது.

நடிக்கிறவர்கள் சிரிக்க வைக்க முயல்வார்கள். படம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். 'பகிடி விடாதே' என்று சொல்லிப் பயனில்லை. கேள்வியை மாற்றுங்கள்: அன்றைக்கு என்ன கிழமை? எத்தனை மணி? யாரிடம் வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்? விவரத்தைத் தேடத் தொடங்கினால் முகம் தானாக இயல்புக்கு வரும். பதில் முடிந்த பிறகு நாலைந்து செக்கன் பேசாமல் இருங்கள், அந்த மௌனம் தாங்காமல் ஆள் இன்னும் ஏதாவது சொல்லுவார். நல்ல வரிகள் கனக்க அங்கேதான் வரும்.

கேள்வி கேட்கிறவர் லென்ஸுக்கு ஒட்டினாற்போல், லென்ஸ் உயரத்தில் இருக்க வேணும். பேட்டி கொடுக்கிறவர் அவரைப் பார்ப்பார், லென்ஸைப் பார்க்க மாட்டார். லென்ஸைப் பார்க்கிறதை ஒரு பாணியாக வைக்கலாம், ஆனால் படத்தில் யார் யார் பார்ப்பார்கள் என்று முதலே தீர்மானியுங்கள். நடுவில் மாற்றினால் குழப்பம்.

முதல் முயற்சிகளில் அடிக்கடி வருகிற பிழை இது: இரண்டு பேர் கதைக்கிறார்கள், ஒருவர் முகம், உடனே மற்றவர் முகம், திரும்ப இவர் முகம். கதைப்படத்தில் அது சரி. ஒரே ஒரு கமராவோடு போன விவரணப்படக் குழுவால் அப்படி எடுக்கவே முடியாது. கமராவைத் திருப்பிக்கொண்டு போங்கள், திருப்புகிற நேரத்தில் பதிலின் தொடக்கம் தவறிப்போகட்டும். இல்லையென்றால் குரலை ஓடவிட்டு, கையை, மேசையை, சுவரில் தொங்குகிற படத்தைக் காட்டுங்கள். அந்தத் துண்டுகளைப் பேட்டி முடிந்த பிறகு தனியாக எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது பத்துச் செக்கன்.

வெளிச்சம்: இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ரியூப் லைட்டும் மலிவு எல்இடி பல்பும் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். போன் செக்கனுக்கு 30 ஃப்ரேமிலும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விடுகிற ஷட்டர் செக்கனில் 60இல் ஒன்றிலும் இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். கைமுறை செட்டிங் தருகிற செயலி ஒன்றைப் போட்டு 25 ஃப்ரேம், 50இல் ஒன்று ஷட்டர் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

சத்தம்: வெள்ளவத்தையில் ஒரு பக்கம் காலி வீதி பஸ் ஹோன், மறு பக்கம் கடலோர ரயில். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கொலர் மைக்கை நாடியிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒருவரும் கதைக்காமல் 30 செக்கன் வெறும் அறைச் சத்தம் எடுத்து வையுங்கள், வெட்டுகிற இடங்களை ஒட்ட அது வேணும். ரயில் வந்தால் மட்டும் கமராவை நிறுத்த வேண்டாம். பேட்டி கொடுக்கிறவர் ரயில் போகும்வரை பொறுத்திருந்து திரும்பத் தொடங்கட்டும். அதை விட உண்மையாகத் தெரிகிற காட்சியை நீங்கள் எழுதிச் செய்ய முடியாது.

பத்து நிமிடத்துக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம் எடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் பார்த்து முடிக்கவே ஆள் இருக்காது. எடிட்டிங் தொடங்க முதல் எல்லாப் பேட்டியையும் தாளில் எழுதி, கோடு போட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பழைய_நெகட்டிவ்

ஒலித்தடம் விட்ட இடத்திலிருந்து, பழைய படத்துண்டு செய்வதைப் பற்றி. போனில் இருக்கிற 'பழசு' ஃபில்டரைப் போடாதீர்கள். அதில் வருகிற கீறல் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும், இரண்டு செக்கனில் கண் பிடித்துவிடும். சுருள் மேலிருந்து கீழ் ஓடுவதால் நீளக் கீறல் நெட்டாகத்தான் விழும், தூசு ஒரு ஃப்ரேமுக்கு மட்டும் வந்து மறையும். படம் 4க்கு 3 அளவில். கமரா முக்காலியில், சூம் இல்லை. 1930ஆம் ஆண்டுக் காட்சியில் சூம் வந்தால் தெரிந்தவர் அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்.

காலப் பிழை இதைவிட மோசம். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979 இல், ரூபவாஹினி 1982 இல். ஆகவே '1965 ஆம் ஆண்டு தொலைக்காட்சிச் செய்தி' என்று ஒன்று செய்தால் மூத்தவர்கள் உடனே பிடிப்பார்கள். அந்தக் காலத்துக்கு வானொலிக் குரலையும் பத்திரிகைத் துண்டையும் பாவியுங்கள். ஆங்கிலக் கடிதத் தலைப்பில் நாட்டின் பெயர் 1972 மே 22 வரை சிலோன். தமிழில் எப்பவும் இலங்கைதான், அந்த வசதி எங்களுக்கு இருக்கு.

கதைக்கு ஒரு யோசனை. கொழும்பில் ட்ராம் ஓடியது: 1899 இல் தொடங்கி 1960 இல் நின்றது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கு, மற்றது பொரளைக்கு. இது உண்மை ஆணி. வெள்ளவத்தை வரை மூன்றாவது பாதை ஒன்று போடப்பட்டு, சில மாதம் ஓடி, பிறகு கழற்றப்பட்டது என்பது உங்கட பொய். யாருக்கும் காயமில்லை, ஆட்களின் பெயரும் தேவையில்லை, படப்பிடிப்பு முழுக்க நடந்து போகிற தூரம். ஒரு தாத்தா டிக்கட் ஒன்றைக் காட்டுகிறார், ஒரு மேசன் வீட்டு மதிலுக்குக் கீழே தண்டவாளத் துண்டு கண்டதாகச் சொல்கிறார், ஒரு ஆசிரியை பழைய வரைபடத்தில் ஒரு கோட்டைக் காட்டுகிறார். அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று கமரா மெதுவாகப் பின்தொடரட்டும்.

வெள்ளைச்சுவர்

சுருக்கமாகத் திரையிடலுக்கு. புரொஜெக்டரிலோ ரி.வி.யிலோ அசைவை வழுவழுப்பாக்குகிற மோஷன் ஸ்மூத்திங், புள்ளிகளைத் துடைக்கிற நொய்ஸ் ரிடக்ஷன் இரண்டையும் நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் ஸெலிக்குக்காக அவ்வளவு பாடுபட்டுப் போட்ட கீறலையும் பழைய சுருளில் தெரிகிற பொடிப் புள்ளிகளையும் இயந்திரம் துடைத்துவிடும். வோர் கேம் தொலைக்காட்சி நாடகம் போல வழுவழுப்பாகிவிடும்.

சப்டைட்டில் ஆங்கிலத்திலேயே போடுங்கள். இணையத்தில் கிடைக்கிற இயந்திரத் தமிழ் சப்டைட்டில் இந்த வகைக்குச் சரிவராது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்கிறதை ஒரே வரியாக்கிவிடும், தயங்கிச் சொன்ன பாதி வாக்கியத்தை முழுசாக்கிவிடும். அந்தத் தயக்கத்தில்தான் விஷயமே இருக்கு.

இந்தியப் படங்களில் 'ஏகே வெர்சஸ் ஏகே' (2020, விக்ரமாதித்ய மொத்வானே) நல்லது. அனில் கபூரும் அனுராக் காஷ்யப்பும் தாங்களாகவே வருகிறார்கள், உண்மை ஆணி என்றால் இதுதான். 108 நிமிடம், தூஷணம் அதிகம், ஆகவே மூத்தவர்களுக்குத் தனியாக. மலையாளத்தில் 'ககனசாரி' (2024, அருண் சந்து): எதிர்காலக் கேரளாவில் விவரணப்படக் குழு ஒன்று பேட்டி எடுக்கப் போகிறது. இடைக்கிடை வழமையான கதைப்படமாக வழுக்கிவிடும். எந்த நிமிடத்தில் வழுக்குகிறது என்று பிள்ளைகளை எழுதச் சொன்னால் அது நல்ல பயிற்சி.

மேல்மாடி

ட்ராம் யோசனை பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடித்துவிட்டது. வரிசையும் கிட்டத்தட்ட முடிவு: ஃபோர்கொட்டன் சில்வர், ஸ்பைனல் டாப், ஸெலிக், வோர் கேம், லேக் மங்கோ. இரத்தக்காட்டேரிகளை ஒரு ஞாயிறுக்கு வைத்திருக்கிறோம். இரண்டு கேள்வி. முடித்த படத்தை இணையத்தில் போடலாமா? தாத்தா காட்டுகிற டிக்கட்டைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்கலாம் என்று ஒரு பிள்ளை சொல்கிறார், அது சரிவருமா?

நடுச்சாமக்காட்சி

போடலாம். ஆனா 'இது கற்பனை' எண்ட வரியைக் கடைசியில் மட்டும் வைக்க வேண்டாம், சனம் நடுத்துண்டை வெட்டி வாட்ஸப்பில் அனுப்பும். போலியா செய்த ஒவ்வொரு பழைய துண்டின்ர மூலையிலும் உங்கட குழுவின்ர பெயரைச் சின்னனாப் பதிச்சு விடுங்கோ. மேல்மாடியில் போடுற பிரதியில் அது தேவையில்லை.

பழைய_நெகட்டிவ்

தேயிலைச் சாயம் வேண்டாம். அது தாள் முழுக்க ஒரே நிறமாக, ஈரம் தேங்கிய இடத்தில் திட்டாகப் பிடிக்கும், தாளும் நெளிந்துவிடும். கிட்ட வைத்து எடுக்கப் போகிற பொருள் அது, கமரா காட்டிக்கொடுத்துவிடும். கடதாசி உண்மையில் பழசாகிறது ஓரத்திலிருந்து உள்ளுக்கு. பத்திரிகை அச்சடிக்கிற மலிவுத் தாளை வாங்குங்கள், வெள்ளைத் தாள் வேண்டாம். அதில் டிக்கட்டை அச்சடித்து வெட்டி, ஐம்பது அறுபதை ஒரே கட்டாக அடுக்கி, மேலும் கீழும் மட்டை வைத்து இறுக்கிக் கட்டி, ஓரங்கள் வெயில் படும்படி பல்கனியில் வையுங்கள். மஞ்சள் நிறம் ஓரத்தில் பிடித்து நடு வெளிறி நிற்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பக்கம் மாற்றி வையுங்கள், பின்னேரம் உள்ளே எடுங்கள், கடற்காற்றில் தாள் இளகிவிடும். சில கிழமை பிடிக்கலாம், ஆகவே முதல் படம் போடுகிற சனிக்கிழமைக்கு முன்னரே கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். டிக்கட்டில் விலையைச் சதத்தில் போட மறக்க வேண்டாம்.